ஒரு பையன் ‘கமிட்’ ஆனால் ஊரே ஏன் துள்ளுகிறது? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, முதல் பாடம்

அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போன நம் ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக ஊர் முழுக்க ஒரே நிறச் சட்டையில் திரியும், அரங்கத்துப் பக்கம் காரையே எடுக்க முடியாது என்பார்கள். அது எளிதில் புரிகிற விஷயம். ஆட்டம் நடக்கிறது, கூட்டம் கூடுகிறது. புரியாதது வேறொன்று. ஆட்டமே இல்லாத ஜூன் மாதத்தில், இன்னும் பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்காத ஒரு பையன் சமூக ஊடகத்தில் ஒரு படத்தைப் போட்டுவிட்டான் என்பதற்காக, ஆபீஸில் நாற்பத்தைந்து வயது ஆசாமி ஒருவர் காலையிலிருந்து சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். இரண்டு மேசை தள்ளி இருப்பவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

விஷயம் இதுதான்: அந்தப் பையன் ‘கமிட்’ ஆகிவிட்டான். இத்தனைக்கும் அவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கே மனம் மாறினாலும் அவனை யாரும் எதுவும் செய்ய முடியாது. பிறகு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

முதலில், இது மெஸ்ஸி ஆடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டி மோதி விழுகிற அமெரிக்கக் கால்பந்து. இதில் தொழில்முறை லீக் என்று சொன்னால் என்.எஃப்.எல். தான், 32 அணிகள். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் அதற்குள் நுழைய முடியாது. அந்த மூன்று ஆண்டைத் திறமைசாலிகள் கழிக்கிற இடம் கல்லூரி. உச்ச மட்டத்தில் ஆடும் கல்லூரி அணிகள் மட்டும் 130க்கு மேல் இருக்கின்றன.

இந்த அணிகளுக்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு இருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் அணி வீரரை எடுக்கிறது. எடுத்த அணிக்கு அவர் போய்ச் சேர வேண்டியதுதான். கல்லூரிக் கால்பந்தில் இது அப்படியே தலைகீழ். ஏலம் கிடையாது, அணிகள் முறைவைத்து ஆட்களைப் பொறுக்கிக்கொள்கிற டிராஃப்டும் கிடையாது. பையன்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். வருஷத்துக்குப் பல கோடி ரூபாய் சம்பளம் வாங்குகிற தலைமைப் பயிற்சியாளர்கள், பதினாறு பதினேழு வயதுப் பையனின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். சிலர் பள்ளி மைதானத்திலேயே ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதும் உண்டு. கல்லூரி தன் செலவிலேயே பையனைக் குடும்பத்தோடு அழைத்துவந்து, ஊரைச் சுற்றிக் காட்டி, அணியின் சட்டையைப் போட்டுவிட்டுப் படமும் எடுத்து அனுப்பும்.

பையனுக்குக் கல்லூரி ‘உனக்கு இங்கே இடம் உண்டு, படிப்புச் செலவு எங்களுடையது’ என்று சொன்னால் அது ஆஃபர். நல்ல ஆட்டக்காரன் கையில் முப்பது நாற்பது ஆஃபர் இருக்கும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘நான் இங்கேதான் போகப் போகிறேன்’ என்று அவன் பகிரங்கமாகச் சொன்னால், அதுதான் கமிட்மென்ட்.

கவனிக்க வேண்டிய இடம் இது. கமிட்மென்ட் என்பது வாய்வார்த்தை. பையனையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்து என்பது தனி விஷயம், அதற்குத் தனி நாள் இருக்கிறது. நெடுங்காலமாக அது பிப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமையாக இருந்தது. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. இப்போது பெரும்பாலானோர் டிசம்பரிலேயே போட்டுவிடுகிறார்கள். கமிட் ஆன நாளுக்கும் கையெழுத்து நாளுக்கும் நடுவே சில மாதங்கள், சிலருக்கு ஒன்றரை இரண்டு வருடங்கள்கூட ஓடிவிடும். ரசிகர்களின் நிம்மதி கெடுவது முழுக்க இந்த இடைவெளியில்தான்.

2015இல் ரோக்வான் ஸ்மித் என்ற பையனுக்கு நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஜார்ஜியா மாநிலத்தின் மான்டெசூமா என்ற சிற்றூர்க்காரர். அந்த ஆண்டு பிப்ரவரி 4, கையெழுத்து நாள். தொலைக்காட்சி நேரலையில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் கையுறைகளை மாட்டிக்கொண்டு, கலிஃபோர்னியாவுக்குத்தான் போகிறேன் என்று அறிவித்தார். அங்கே ஒரே கொண்டாட்டம். சொந்த மாநிலமான ஜார்ஜியாவின் ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் ‘இந்தக் கல்லூரியில்தான் சேருவேன்’ என்று கட்டுப்படுத்துகிற கையெழுத்துக் கடிதத்தை ஸ்மித் அனுப்பவில்லை. அப்போதெல்லாம் கையெழுத்திட்ட கடிதம் ஃபேக்ஸில்தான் போகும். சில கல்லூரிகள் ஃபேக்ஸ் மெஷின் முன்னால் கேமராவை வைத்து, தாள் வெளியே வருவதை நேரலையாகக் காட்டின, அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால் ரசிகர்களின் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்மித் அறிவித்த சில மணி நேரத்திலேயே, அவரை அழைத்த யூ.சி.எல்.ஏ. தற்காப்புப் பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிச் என்.எஃப்.எல். அணி ஒன்றுக்குப் போகப்போகிறார் என்ற செய்தி கசிந்தது. கடிதம் ஸ்மித் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் யோசித்துக் கடைசியில் ஜார்ஜியாவுக்கே போனார். அங்கேயும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. உதவித்தொகைக் காகிதத்தில் மட்டும் போட்டார். பூனை சூடு கண்டுவிட்டது. 2017இல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான (தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஆடுபவர்) பட்கஸ் விருது அவருக்குக் கிடைத்தது. 2018 என்.எஃப்.எல். டிராஃப்டில் எட்டாவது ஆளாக சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது.

வயிறெரிந்த ஜார்ஜியா ரசிகர்கள் பத்து நாள் கழித்து அவர் ஆரம்பத்திலிருந்தே நம்ம பையன்தான் என்று பேச ஆரம்பித்தார்கள். இந்த ஞாபக மறதி இல்லாமல் இந்த ஆட்டத்துக்கு ரசிகராக இருக்கவே முடியாது.

சரி, ரசிகர்கள் இவ்வளவு ஏன் தவிக்கிறார்கள்? இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, இடம். அலபாமா, நெப்ராஸ்கா, ஆர்கன்சா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் பெரிய தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. அங்கே மாநிலத்தின் அணி என்றால் கல்லூரி அணிதான். நெப்ராஸ்காவின் லிங்கன் நகர அரங்கத்தில் 1962 முதல் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. மிஷிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். இவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லூரியில் இப்போது படிப்பவர்கள் அல்ல. பலர் எப்போதுமே படித்ததில்லை. தாத்தா பார்த்தார், அப்பா பார்த்தார், இவர்களும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, காலண்டர். ஒரு பருவத்தில் வழக்கமான ஆட்டங்கள் 12 தான். அதில் சொந்த ஊரில் ஆறு முதல் எட்டு. வருஷத்தின் மீதி நாளெல்லாம் இத்தனை லட்சம் பேர் எதைப் பேசுவார்கள்? யார் வரப்போகிறார்கள் என்பதைத்தான். ஆட்டம் இல்லாத மாதங்களில் வெற்றி தோல்வி பார்க்கக் கிடைக்கிற ஒரே களம் ஆள் சேர்ப்பு. எதிரணி கேட்ட பையன் நம்மிடம் வந்தால் அது ஒரு வெற்றி. நம்மிடம் வருவதாக இருந்தவன் எதிரணிக்குப் போனால் தோல்வி. இதற்கு ஸ்கோர் போர்டும் இருக்கிறது, அதுதான் நட்சத்திரங்கள்.

247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் பள்ளி ஆட்டக்காரர்களைப் பார்த்து இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கின்றன. நாடு முழுவதும் பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் பத்து லட்சம் பேர் வாக்கில். அதில் ஐந்து நட்சத்திரம் கிடைப்பது ஒரு பேட்சுக்கு ஏறத்தாழ முப்பது பேருக்கு. கமிட் ஆனவர்களின் புள்ளிகளைக் கூட்டி ‘இந்த வருஷம் எந்தக் கல்லூரியின் பேட்ச் முதலிடம்’ என்று தரவரிசையும் வரும். போதாக்குறைக்கு, எந்தப் பையன் எங்கே போவான் என்று நிருபர்கள் ஆரூடம் சொல்வதற்கு ‘கிரிஸ்டல் பால்’ என்ற ஏற்பாடு வேறு. ஆரூடம் நம் பக்கம் சாய்ந்தால் ரசிகர் அன்றைக்கே பாதி கொண்டாட்டத்தை முடித்துவிடுவார்.

இந்த நட்சத்திரக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்றால், கூட்டமாகப் பார்க்கும்போது நம்பலாம், தனி ஆளாகப் பார்க்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான்கு ஐந்து நட்சத்திர ஆட்களை வருஷாவருஷம் குவிக்கிற கல்லூரிகள்தான் பெரும்பாலும் பட்டத்துக்கு மோதுகின்றன. ஆனால் 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேம் வார்டுக்குப் பள்ளி முடிக்கும்போது ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகம்தான் இடம் கொடுத்தது. பஃபலோ என்.எஃப்.எல். அணியின் ஜாஷ் ஆலனும் அப்படித்தான். பள்ளி முடித்தபோது உச்ச மட்டக் கல்லூரி எதுவும் அவரைச் சீந்தவில்லை.

இனி ரசிகர்களின் எதிர்வினைக்கே வருவோம். கொஞ்ச காலம் கவனித்தால், யார் என்ன சொல்வார்கள் என்பதை அறிவிப்பு வருவதற்கு முன்பே நீங்களே எழுதிவிடலாம்.

அறிவிப்பின் அமைப்பே கிட்டத்தட்ட ஒரு சடங்கு. மேசை மேல் மூன்று நான்கு கல்லூரிகளின் தொப்பிகள் இருக்கும். பின்னால் குடும்பம் நிற்கும். பையன் முதலில் கடவுளுக்கு நன்றி சொல்வான், அப்புறம் அம்மாவுக்கு, பள்ளிப் பயிற்சியாளர்களுக்கு, ஆஃபர் கொடுத்த எல்லாக் கல்லூரிகளுக்கும். பிறகு ஒரு தொப்பியின் மேல் கை போவது போல் போய், வேறொன்றை எடுத்துத் தலையில் வைப்பான். 2011இல் ஐசாயா குரோவெல் என்ற ஆட்டக்காரர் தொப்பிக்குப் பதிலாக ஒரு புல்டாக் நாய்க்குட்டியையே தூக்கிக் காட்டினார். ஜார்ஜியா அணியின் சின்னம் புல்டாக். எழுத்தில் அறிவிப்பவர்கள் பலர் கடைசி வரியாக ‘தயவுசெய்து என் முடிவை மதியுங்கள்’ என்று சேர்ப்பார்கள். என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

வென்ற பக்கத்தில் முதல் ஐந்து நிமிடம் வெறும் கூச்சல். அடுத்து, கணக்கு போடுகிறவர்கள் வருவார்கள்: பேட்ச் தரவரிசையில் எத்தனை இடம் ஏறினோம், இந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற மூன்றாம் ஆண்டு ஆட்டக்காரர் போனதும் இவன் இறங்கலாமா. பிறகு ‘இவனுடைய பள்ளி நண்பன் ஒருவனும் இருக்கிறானாமே, அவனையும் இழுத்துவிடலாம்’ என்று அடுத்த ஆசை. கமிட் ஆனவன் மூன்று நட்சத்திரக்காரனாக இருந்தால் வேறு பல்லவி: நட்சத்திரம் எதற்கு, நம்ம கோச்சுக்கு ஆளைப் பார்க்கிற கண் இருக்கிறது. இதே வாய், போன வாரம் எதிரணிக்கு ஒரு மூன்று நட்சத்திரக்காரன் போனபோது, அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போல என்று சிரித்தது.

தோற்ற பக்கம்தான் எனக்குப் பிடித்தது. நேற்று இரவு வரை ‘தலைமுறைக்கு ஒருவன்’ என்று புகழப்பட்ட பையனின் கால் இன்று காலை கொஞ்சம் மெதுவாகிவிடும். அவன் வீடியோவில் தெரிந்த எதிராளிகள் எல்லாம் சோப்ளாங்கிகளாகிவிடுவார்கள். அவன் குணத்தைப் பற்றி முன்பே யாரோ ஒருவர் சந்தேகப்பட்டிருப்பார். எப்படியும் காசுக்குத்தான் போயிருக்கிறான். இந்த இடத்தில் ஒருவர் பொறுமையாக, பையனுக்கு வாழ்த்து, நல்லா இருக்கட்டும் என்று எழுதுவார். அவருக்கு மறுமொழியே வராது. இன்னொரு கோஷ்டி பையனை விட்டுவிட்டுப் பயிற்சியாளரைப் பிடித்துக்கொள்ளும்: வருஷா வருஷம் இதே கதை, கடைசி நேரத்தில் கோட்டை விடுவதே இந்த ஆளுக்கு வேலை, மாற்ற வேண்டும்.

பயிற்சியாளரால் பதில் சொல்ல முடியாது என்பது இதில் ஒரு வேடிக்கை. பையன் கையெழுத்துப் போடும்வரை அவனைப் பற்றிக் கல்லூரி பொதுவெளியில் வாய் திறக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை ஆள்கிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் நெடுநாள் விதி. அதனால் யாராவது கமிட் ஆனால் ஜார்ஜியா பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட் ‘கோ டாக்ஸ்!’ என்று மட்டும் ஒரு பதிவு போடுவார், பெயர் இல்லாமல். பையன் அறிவிப்பதற்கு முன்பே அது வந்துவிட்டால் போதும், யார், எந்த ஊர், எந்த இடத்தில் ஆடுகிறவன் என்று ரசிகர்கள் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள்.

ரசிகர்களுக்கும் விதி உண்டு. கல்லூரிக்கு நன்கொடை தருபவர்களும் அதன் நலம்விரும்பிகளாகக் கருதப்படுபவர்களும் பையனைத் தொடர்புகொண்டு ‘எங்கள் கல்லூரிக்கு வா’ என்று அழைக்கக் கூடாது. 2009இல் நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஜான் வால் என்ற கூடைப்பந்து நட்சத்திரம் தங்கள் கல்லூரிக்கு வர வேண்டும் என்று கெஞ்சி ஃபேஸ்புக்கில் ஒரு குழு ஆரம்பித்தார். இதை நிறுத்து என்று அவருக்கு அவருடைய பல்கலைக்கழகமே கடிதம் அனுப்பியது. ஜான் வால் கென்டக்கிக்குப் போய்விட்டார். இன்று ஒரு பையன் பதிவுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் குவிகிற அழைப்புகளையும் ஏச்சுகளையும் எந்தக் கல்லூரியாலும் நிறுத்த முடியாது. ‘தயவுசெய்து பையன்களுக்கு எழுதாதீர்கள்’ என்று அவ்வப்போது நினைவூட்டுவதோடு சரி.

ஏச்சு சமூக ஊடகம் கொண்டுவந்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 1994இல் பெய்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துகிறவர்) டென்னசியைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய அப்பா ஆர்ச்சி மேனிங், மிசிசிப்பி பல்கலைக்கழகம் கொண்டாடுகிற ஆட்டக்காரர். மகன் அப்பாவின் கல்லூரிக்கு வரவில்லை என்றதும் அந்த ரசிகர்களின் கோபம் முழுக்க அப்பா மேல் திரும்பியது. கடிதமாகவும் தொலைபேசியாகவும் வந்து கொட்டியது. பிறகு இளைய மகன் ஈலை மிசிசிப்பிக்கே போனார், கோபம் தணிந்தது. 2022 ஜூனில் பேரன் ஆர்ச் மேனிங்கின் முறை வந்தது. மிசிசிப்பியும் இல்லை, டென்னசியும் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று ஒரே வரிப் பதிவில் முடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அனுபவம் பேசியிருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே ரசிகர்கள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். லூசியானாக்காரரான லேண்டன் காலின்ஸ் 2012 ஜனவரியில் தொலைக்காட்சி நேரலையில் அலபாமாவைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மகன் சொந்த மாநிலத்தின் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வுக்குப் போக வேண்டும் என்று ஆசை. முகம் இறுகத் தலையை ஆட்டினார். மைக்கை நீட்டியதும் எல்.எஸ்.யூ. தான் மகனுக்கு நல்ல இடம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மகன் பக்கத்தில் அசட்டுச் சிரிப்போடு நின்றார். அலபாமா அந்தப் பருவத்தில் தேசியப் பட்டம் வென்றது, காலின்ஸ் பின்னாளில் என்.எஃப்.எல்.லில் நன்றாகவே ஆடினார். ஆனாலும் அந்த வீடியோவை வருஷாவருஷம் கையெழுத்து நாளில் யாராவது தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள்.

கமிட் ஆனவன் மனம் மாறி இன்னொரு கல்லூரிக்குத் தாவினால் அதற்கு ஃப்ளிப் என்று பெயர். ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அப்படிப்பட்ட அடிகளில் பெரியது ஃப்ளோரிடா ஸ்டேட் ரசிகர்களுக்கு 2021 டிசம்பர் 15 அன்று விழுந்தது.

டிராவிஸ் ஹன்டர் அந்த ஆண்டு பேட்சிலேயே முதலிடத்தில் மதிப்பிடப்பட்ட ஆட்டக்காரர். தாக்குதலிலும் ஆடுவார், தற்காப்பிலும் ஆடுவார். 2020 மார்ச்சிலேயே ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குக் கமிட் ஆகிவிட்டார். அணிக்கோ அது கெட்ட காலம். 2013இல் தேசியப் பட்டம் வென்றவர்கள் 2020இல் மூன்றே ஆட்டங்களும் 2021இல் ஐந்து ஆட்டங்களும்தான் வென்றார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுதான்: பரவாயில்லை, ஹன்டர் வருகிறான். கிட்டத்தட்ட இருபத்தோரு மாதம் இந்த ஒரு பெயரை வைத்தே ஓட்டினார்கள்.

கையெழுத்து நாள் வந்தது. அட்லாண்டாவுக்கு வெளியே இருக்கிற காலின்ஸ் ஹில் பள்ளியில் ஹன்டர் மேசையில் இருந்த பெரிய கல்லூரிகளின் தொப்பிகளை ஒதுக்கிவிட்டு ஜாக்சன் ஸ்டேட் என்று அறிவித்தார். மிசிசிப்பியில் இருக்கிற, வரலாற்று ரீதியாகக் கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம் அது; ஆடுவது ஒரு படி கீழே உள்ள பிரிவில். அந்த மட்டத்துக் கல்லூரிக்கு முதலிட ஆட்டக்காரர் ஒருவர் போனதே கிடையாது. அங்கே பயிற்சியாளர் யார்? டியான் சாண்டர்ஸ். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் வரலாற்றிலேயே கொண்டாடப்படும் ஆட்டக்காரர்களில் ஒருவர், அவர் போட்ட 2ஆம் எண் சட்டைக்கு அங்கே ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறார்கள். சொந்த வீட்டுப் பிள்ளையே வந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது ரசிகர்களுக்கு. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ஹன்டரைத் திட்டினார்கள், பயிற்சியாளர் மைக் நார்வெல்லைத் திட்டினார்கள், சாண்டர்ஸைத் திட்ட வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அதே நேரத்தில் நாட்டின் வேறு பகுதிகளில், குறிப்பாகக் கறுப்பின மக்களின் கல்லூரிகளில், அது திருவிழா. பணமும் புகழும் இருக்கிற கல்லூரிகளைத் தள்ளிவிட்டு ஒருவன் எங்களிடம் வந்தான் என்று பெருமைப்பட்டார்கள். இந்தப் பெருமையும் நீளவில்லை; ஒரு பருவம் முடிந்ததும் சாண்டர்ஸ் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார், ஹன்டரும் கூடவே போனார். 2024இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை, 2025 டிராஃப்டில் இரண்டாவது இடம் என்று அவர் வாழ்க்கை நன்றாகத்தான் போயிற்று.

ஹன்டர் மேல் கோபப்பட அவர்களுக்கு உரிமை இருந்ததா என்று கேட்டால், எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் மறு பக்கம் எரிச்சலும்தான் வருகிறது. கையெழுத்துப் போடாத பதினெட்டு வயதுப் பையன் மனம் மாறினால் துரோகம். ஆனால் அதே 2021இல், கையெழுத்து நாளுக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளர் லிங்கன் ரைலி கலிஃபோர்னியாவின் யூ.எஸ்.சி.க்குப் போனார். மறுநாள் நோட்ர டேம் பயிற்சியாளர் பிரையன் கெல்லி எல்.எஸ்.யூ.வுக்குப் போவதாகச் செய்தி வந்தது. இவர்களை நம்பிக் கமிட் ஆன பையன்கள் என்ன செய்வார்கள்? சிலர் பின்னாலேயே போனார்கள், சிலர் தேடலை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கல்லூரிகளும் சளைத்தவை அல்ல. நல்ல ஆள் கிடைத்துவிட்டால், முன்பு கமிட் ஆன சுமாரான பையனிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அப்போது எந்த ரசிகரும் வாக்குத் தவறிவிட்டோமே என்று வருந்தி நான் பார்த்ததில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இதில் பணம் வெளிப்படையாக நுழைந்துவிட்டது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படம், புகழ் ஆகியவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம். அதற்கு முன்னால் விளம்பரத்தில் நடித்தால்கூட ஆடும் தகுதி போய்விடும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, இப்போது கல்லூரியே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம்; முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே.

2025 பேட்சின் முதலிட குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் விஷயத்தில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிந்தது. மிஷிகன் மாநிலத்தின் பெல்வில் ஊர்க்காரர். மிஷிகன் பல்கலைக்கழகம் காரில் அரை மணி நேரம்கூட இல்லை. இருந்தும் 2024 ஜனவரியில் தூரத்து லூசியானாவின் எல்.எஸ்.யூ.வுக்குக் கமிட் ஆனார். நவம்பர் 21 அன்று மிஷிகனுக்கே ஃப்ளிப். ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசன் வரை இந்த முயற்சியில் கைகொடுத்தார் என்றும், தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டும் என்றும் பத்திரிகைகள் எழுதின. எல்.எஸ்.யூ. ரசிகர்களின் பேச்சு இந்த முறை பையனின் மனசாட்சியைப் பற்றிக் கொஞ்சமும், நம்மிடம் ஏன் அவ்வளவு காசு இல்லை என்பதைப் பற்றி நிறையவும் இருந்தது. மிஷிகன் பக்கமோ, போன வாரம் வரை ‘காசு கொடுத்து ஆள் பிடிப்பதா’ என்று மூக்கைச் சுளித்தவர்கள், பையன் சொந்த மண்ணுக்குத் திரும்பினான் என்று நெகிழ்ந்தார்கள்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரட்ட ‘கலெக்டிவ்’ என்ற அமைப்புகள் பல கல்லூரி ஊர்களில் முளைத்தன. சாதாரண ரசிகர்களும் மாதாமாதம் சந்தா கட்டினார்கள். சந்தா கட்டியவர் பையன் தாவும்போது, என் காசு என்னாச்சு என்று கேட்கிறார். முன்பு அவருடையது வெறும் பாசம், இப்போது வாடிக்கையாளரின் புகார். எதிர்வினைகளின் தொனியில் கசப்பு கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர் இன்னொரு சிக்கலையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1964இல் தொடங்கிய, ரோக்வான் ஸ்மித் போட மறுத்த அந்தக் கடிதம் 2024 அக்டோபரோடு ஒழிந்தது. அதன் இடத்தில் உதவித்தொகை ஒப்பந்தமே போதும் என்றாகிவிட்டது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ 2018இல் வந்தது. 2021க்கு முன் மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். இன்று அந்தக் காத்திருப்பும் இல்லை. எனவே ஒரே ஆட்டக்காரர் பள்ளியிலிருந்து ஒரு முறை, போர்ட்டலிலிருந்து இன்னொரு முறை, ஆசைப்பட்டால் மூன்றாவது முறையும் கமிட் ஆகிறார். டிசம்பரில் கையெழுத்துப் போட்ட பையனுக்காகக் குதித்த ரசிகர், அடுத்த பருவம் முடிந்ததும் அவன் பெயர் போர்ட்டலில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த ஐந்து நட்சத்திரக்காரன் தொப்பிக்குக் கை நீட்டுகிற நேரத்தில் ஆபீஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டு போனைத் திறந்துகொண்டு உட்காருவார்.